மோட்டார் நியூரான் நோய்: மைட்டோகாண்ட்ரியாவைக் குறிவைத்த மருந்துகள் ஏன் தோற்றன, இனி எதைச் சோதிப்பது?

கேள்வி: நுண்ணோக்கி

தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் மெல்ல அழிவதுதான் மோட்டார் நியூரான் நோய். அதன் ஏ.எல்.எஸ். வகையில் செல்லின் ஆற்றல் உற்பத்தி உறுப்பான மைட்டோகாண்ட்ரியா கெடுகிறது என்பதற்குச் சான்றுக்குப் பஞ்சமில்லை. வீங்கிக் குழி விழுந்த மைட்டோகாண்ட்ரியா, ஆற்றல் தயாரிக்கும் புரதத் தொடரான சுவாசச் சங்கிலியின் முதல் கூட்டுப்புரதத்தில் குறைபாடு, நரம்புச் செல்லின் நீண்ட இழையான ஆக்சானில் போக்குவரத்துத் தேக்கம், கால்சியத்தைத் தாங்க முடியாமை என்று ஆய்வுக் கட்டுரைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆனால் அதை நம்பி மனிதரிடம் போன மருந்துகளைப் பாருங்கள்: கிரியேட்டின், கோஎன்சைம் க்யூ10, மினோசைக்ளின், ஒலெசோக்சிம், டெக்ஸ்பிராமிபெக்சோல். செல்லிலோ சுண்டெலியிலோ நன்றாகத் தெரிந்தவை, சோதனையில் ஒன்றுகூடத் தேறவில்லை.

ஆய்வுத் திட்டம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். தெளிவாக வேண்டியவை:

மைட்டோகாண்ட்ரியாக் கோளாறு நோயின் காரணமா, நோய் முற்றியபின் வரும் விளைவா? இலக்கு தவறா, அல்லது சோதித்த விதம் தவறா? தூண்டப்பட்ட ஸ்டெம் செல்லில் இருந்து மோட்டார் நியூரான் வளர்த்து, சீஹார்ஸ் கருவியில் ஆக்சிஜன் நுகர்வு பார்த்து, பிறகு பிறழ்ந்த எஸ்.ஓ.டி-1 மரபணு ஏற்றிய ஜி93ஏ சுண்டெலிக்குப் போகலாம் என்பது என் வரைவு. இதில் எங்கெங்கே சறுக்கும்?

கூடவே ஒன்று. நோயாளிகளின் குடும்பத்தினர் க்யூ10, கார்னிட்டின் போன்ற துணைமாத்திரைகள் பற்றிக் கேட்டால் நேர்மையாகச் சொல்லக்கூடியது என்ன?

---

பதில்: முன்கொம்பு

காரணமா விளைவா என்பதற்கு ஒரே பதில் கிடையாது, மரபணுவுக்கு மரபணு மாறும். "ஏ.எல்.எஸ்.-இல் மைட்டோகாண்ட்ரியா" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே "எந்த ஏ.எல்.எஸ்.?" என்று கேட்பார்.

தயங்காமல் காரணம் என்று சொல்லத்தக்கது சி.எச்.சி.எச்.டி-10 மரபணு. மைட்டோகாண்ட்ரியாவின் இரு சவ்வுகளுக்கு நடுவே இருக்கும் புரதத்தை அது உருவாக்குகிறது. 2014இல் அதில் எஸ்59எல் என்ற மரபணு மாற்றம் ஒரு குடும்பத்தில் கண்டறியப்பட்டபோது மோட்டார் நியூரான் நோய், முன்மூளைத் தேய்வு, தசைநோய் எல்லாம் கலந்து தெரிந்தன. ஆனால் மிக அரிது.

எஸ்.ஓ.டி-1 மரபணு 1993இல் தெரிய வந்தது. மொத்த நோயாளிகளில் சுமார் 2% பேர்தான் இந்த வகை. பிறழ்ந்த புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஒட்டிக்கொண்டு வி.டி.ஏ.சி-1 என்ற வாயிலின் வழியே நடக்கும் பரிமாற்றத்தைக் குறைக்கிறது. ஜி93ஏ சுண்டெலியில் தசை பலவீனம் தெரிவதற்கு முன்பே குழி விழுந்த மைட்டோகாண்ட்ரியாவைக் காணலாம். இங்கே மைட்டோகாண்ட்ரியா இரண்டாவது படிதான், ஆனால் சீக்கிரமே வரும் படி.

டி.டி.பி-43 விஷயம்தான் பெரியது, ஏனென்றால் ஏறக்குறைய 97% நோயாளிகளின் நியூரான்களில் இந்தப் புரதம் உட்கருவை விட்டு வெளியேறித் திரள்கிறது. 2016இல் வந்த ஒரு ஆய்வு, டி.டி.பி-43 மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்து என்.டி-3, என்.டி-6 ஆகிய ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்து முதல் கூட்டுப்புரதத்தைக் குலைக்கிறது என்றது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு, பிறழ்ந்த டி.டி.பி-43 உள்ள செல்களிலும் சுண்டெலியிலும் ஆற்றல் உற்பத்தியில் குறையே இல்லை என்று வெளியிட்டது. 2020இல் வந்த கோணம் எனக்கு வலுவாகத் தோன்றுகிறது: டி.டி.பி-43 உள்ளே போனதும் உள்சவ்வின் ஊடுதுளை திறந்து மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. செல்சாற்றில் கசிகிறது. அதை சி-காஸ் என்ற புரதம் உணர்ந்து ஸ்டிங் என்ற இன்னொரு புரதத்தின் வழியே அழற்சியைக் கிளப்புகிறது. ஸ்டிங்கை நீக்கிய சுண்டெலிகளில் நோய் தணிந்தது. இப்படிப் பார்த்தால் பிரச்சினை ஏ.டி.பி. (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) பற்றாக்குறை அல்ல, கசிவு. ஏ.டி.பி.யைக் கூட்ட வந்த மருந்து இங்கே என்ன செய்துவிடும்?

சி9ஓ.ஆர்.எஃப்-72 (சுருக்கமாக சி9) மரபணுவில் மறுபடி மறுபடி வரும் டி.என்.ஏ. வரிசையில் இருந்து உருவாகும் பாலி-ஜி.ஆர். என்ற புரதத் துண்டு, ஏ.டி.பி.யைத் தயாரிக்கும் நொதியான ஏ.டி.பி. சிந்தேஸின் ஆல்ஃபா அலகைப் பிடிக்கிறது. ஆப்டினியூரின், டி.பி.கே-1 மரபணு மாற்றங்களில் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அப்புறப்படுத்தும் மைட்டோஃபாஜி தடைப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் இலக்கு வேறு.

இனி இரண்டாவது கேள்வி. இதில் மருந்துச் சோதனைகளைவிட மரபணு நீக்கச் சோதனைகள் தெளிவாகப் பேசுகின்றன, ஏனென்றால் அங்கே "மருந்து போய்ச் சேரவில்லை" என்ற சாக்கு எடுபடாது. மூன்றைக் கட்டாயம் படியுங்கள்.

2006: ஜி93ஏ சுண்டெலியில் பாக்ஸ் என்ற செல்சாவுப் புரதத்தை நீக்கினார்கள். தண்டுவடத்தில் மோட்டார் நியூரான்களின் செல்லுடல்கள் பிழைத்தன. ஆனால் தசையில் நரம்புமுனைகள் கழன்றுகொண்டே போயின.

2011: தசையில் மட்டும் பி.ஜி.சி-1 ஆல்ஃபா என்ற புரதத்தை மிகைப்படுத்தி மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கினார்கள். தசையின் செயல்திறன் கூடியது. ஆயுள் கூடவில்லை.

2013: சைக்ளோஃபிலின் டி-யை நீக்கி, ஊடுதுளை எளிதில் திறக்காதபடி செய்தார்கள். கால்சியத் தாங்குதிறன் உயர்ந்தது, புரதத் திரள் குறைந்தது, செல்லுடல்கள் காப்பாற்றப்பட்டன. நோயின் போக்கோ ஆயுளோ மாறவில்லை. (2009இல் வேறொரு குழு இதே புரதத்தை நீக்கி ஆயுள் கூடியதாகக் காட்டியது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, சுண்டெலிகளின் மரபுப் பின்னணியை ஒப்பிட்டுப் பாருங்கள்.)

ஆகவே மைட்டோகாண்ட்ரியா வழிச் செல்சாவைத் தடுத்தாலும், ஒரு மீட்டர் நீளம் வரை போகும் ஆக்சானின் நுனி போய்விட்டால் நோயாளிக்குப் பயனில்லை. ஜி93ஏ சுண்டெலியில் 47ஆம் நாளுக்குள்ளேயே நரம்பு-தசைச் சந்திப்புகள் கணிசமாகக் கழன்றுவிடுகின்றன. தண்டுவடத்தில் செல்லுடல்கள் குறைவது 80ஆம் நாளுக்கு மேல்தான். அப்படியிருக்க, செல்லுடல் எண்ணிக்கையை முதன்மை அளவீடாக வைத்த திட்டம் தவறான முனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

என் கணிப்பு: இலக்கு தவறில்லை. அதை எட்டிய இடமும் காலமும்தான் பெரும்பாலும் தவறு.

---

பதில்: மருந்தளவு

முன்கொம்பு சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் சோதனைகளை ஒரே குவியலாகத் தள்ள வேண்டாம். தோல்விக்குத் தோல்வி காரணம் வேறு.

கிரியேட்டின்: மூன்று சோதனைகள். 2003இல் 175 பேர், நாளுக்கு 10 கிராம். 2004இல் 104 பேர், முதல் ஐந்து நாள் 20 கிராம், பிறகு 5 கிராம். 2008இல் 107 பேர், 5 கிராம். மூன்றிலும் எதுவும் இல்லை. சுண்டெலிக்கு 1999இல் கொடுத்தபோது தீவனத்தில் 1 முதல் 2% கலந்து, அறிகுறி வருவதற்கு முன்பே ஆரம்பித்தார்கள். உடல் எடைக்குக் கணக்கிட்டால் மனிதருக்குக் கொடுத்தது அதன் அருகிலேயே வராது. அறிகுறி தொடங்கி நோய் உறுதியாகவே சராசரியாக ஓர் ஆண்டு போய்விடுகிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

க்யூ10: 185 பேர், 1,800 மில்லிகிராமா 2,700 மில்லிகிராமா என்று முதல் கட்டத்தில் தேர்ந்து, 2,700ஐ ஒன்பது மாதம் மருந்துப்போலியோடு ஒப்பிட்டார்கள். நல்ல வடிவமைப்பு. மூன்றாம் கட்டத்துக்குப் போகத் தேவையில்லை என்பதைக் குறைந்த செலவில் சொன்னது. மூலக்கூறு எடை 863, கொழுப்பில்தான் கரையும், குடலில் சரியாக உறிஞ்சப்படாது. இரத்தத்தில் அளவு ஏறியதைக் காட்டலாம், தண்டுவட மோட்டார் நியூரானில் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் ஏறியதா என்று காட்ட வழியில்லை.

மினோசைக்ளின்: இது வெறும் தோல்வி அல்ல, கெடுதல். செல்சாவைத் தொடக்கும் சைட்டோகுரோம் சி மைட்டோகாண்ட்ரியாவில் இருந்து வெளியேறுவதைத் தடுக்கும் என்று 2002இல் சுண்டெலி ஆய்வு. 2007இல் 412 பேரிடம், நாளுக்கு 400 மில்லிகிராம் வரை ஏற்றினார்கள். மருந்து எடுத்தவர்களின் செயல்திறன் மதிப்பெண் (மொத்தம் 48) மாதத்துக்கு 1.30 வீதம் சரிந்தது, மருந்துப்போலியில் 1.04. "எதுவானாலும் முயன்று பார்ப்போமே, கெட்டா போகும்" என்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

ஒலெசோக்சிம்: வெளிச்சவ்வில் வி.டி.ஏ.சி.யில் ஒட்டி ஊடுதுளை திறப்பதைத் தாமதிக்கும் என்ற கருத்து. 512 பேர், நாளுக்கு 330 மில்லிகிராம், 18 மாதம், இந்த நோய்க்கு ஏற்கெனவே உள்ள ரிலுசோல் மருந்தோடு சேர்த்து. ஆயுளில் வித்தியாசமில்லை. நீக்கச் சோதனையிலேயே ஊடுதுளையை மூடுவது செல்லுடலைத்தான் காக்கிறது என்று மேலே பார்த்தோம், இந்த முடிவு அதோடு பொருந்துகிறது.

டெக்ஸ்பிராமிபெக்சோல்: எல்லாவற்றையும்விடப் பாடம் அதிகம் இதில். பார்க்கின்சன் நோய் மருந்தான பிராமிபெக்சோலின் கண்ணாடிப் பிம்ப மூலக்கூறு. டோபமைன் வேலை குறைவு என்பதால் அளவைத் தாராளமாக ஏற்றலாம். ஏ.டி.பி. சிந்தேஸில் ஒட்டி, உள்சவ்வில் அயனி கசிவதைக் குறைக்கிறது. இரண்டாம் கட்டத்தில் 102 பேர், அளவு கூடக்கூடப் பயன் கூடுவதுபோல் ஒரு போக்கு. மூன்றாம் கட்டம் 943 பேர், 150 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை. 2013 ஜனவரியில் தோல்வி என்று அறிவித்தார்கள். இரண்டாம் கட்டத்தின் சிறு குழுக்களில் ஒருவர் இருவரின் இறப்புகூட, செயல்திறனையும் இறப்பையும் சேர்த்த கூட்டு மதிப்பெண்ணைப் புரட்டிவிடும், அந்தப் போக்கை அவ்வளவு நம்பியிருக்கக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், இந்த மருந்து ஜி93ஏ சுண்டெலியிலும் மனித நியூரானிலும் வேலை செய்யவில்லை என்ற விரிவான ஆய்வு 2014இல், அதாவது மூன்றாம் கட்டம் முடிந்தபிறகு வந்தது. இன்று இதே மருந்தை இயோசினோஃபில் (ஒருவகை இரத்த வெள்ளணு) வகை ஆஸ்துமாவுக்குச் சோதிக்கிறார்கள், ஏனென்றால் சோதனையில் இருந்தவர்களின் இரத்தத்தில் இயோசினோஃபில்கள் இறங்கின.

சோடியம் ஃபினைல்பியூட்டிரேட்டும் டாருர்சோடையாலும் சேர்ந்த கலவை: பாக்ஸ் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போவதைத் தடுப்பதும், செல்லில் புரதங்கள் உருவாகும் எண்டோபிளாச வலையின் அழுத்தத்தைக் குறைப்பதும் நோக்கம். 137 பேரிடம் 24 வாரத்தில் மாதச் சரிவு 1.66இல் இருந்து 1.24 ஆனது. 2022இல் கனடாவும் அமெரிக்காவும் அனுமதித்தன. பிறகு 664 பேரிடம் 48 வாரம் நடத்திய சோதனை 2024 மார்ச்சில் தோற்றது, அடுத்த மாதமே நிறுவனம் மருந்தைச் சந்தையில் இருந்து விலக்கிக்கொண்டது.

இந்த ஆறிலும் பொதுவான ஓட்டை ஒன்று: மருந்து நியூரானின் மைட்டோகாண்ட்ரியாவில் தன் வேலையைச் செய்ததா என்று மனிதரிடம் நேரடியாகக் காட்டும் அளவீடு எதிலும் இல்லை. அது இல்லாத எதிர்மறை முடிவில் இருந்து "இலக்கு தவறு" என்று முடிவுகட்டவும் முடியாது, "இலக்கு சரி, மருந்து போதவில்லை" என்று தப்பிக்கவும் முடியாது. உங்கள் திட்டத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். மனிதரிடம் இப்போது நடைமுறையில் உள்ளவை: பாஸ்பரஸ்-31 காந்த ஒத்ததிர்வு நிறமாலை, அதில் மூளையிலும் தசையிலும் பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. அளவு தெரியும். அடுத்து, தண்டுவட நீரில் மருந்தின் அளவு. இரத்த வெள்ளணுக்களின் சுவாசத்தை மட்டும் காட்டிவிட்டு இலக்கை எட்டியதாகச் சொல்லாதீர்கள்.

---

பதில்: தட்டு96

செல் பகுதிக்கு மட்டும் வருகிறேன். உங்கள் வரைவில் சறுக்கும் இடங்கள் பல.

முதலாவது, வளர்ப்பு ஊடகம். நியூரோபேசலில் குளுக்கோஸ் 25 மில்லிமோல். இவ்வளவு சர்க்கரையில் செல், ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் கிளைக்காலிசிஸிலேயே காலம் தள்ளிவிடும், சுவாசச் சங்கிலியின் குறை மறைந்துபோகும். அளவீட்டுக்கு 48 மணி நேரம் முன்பிருந்தே 2.5 முதல் 5 மில்லிமோலுக்கு இறக்குங்கள். நோயாளியின் ஃபைப்ரோபிளாஸ்ட் (தோல் செல்) என்றால் 10 மில்லிமோல் கேலக்டோஸுக்கு மாற்றலாம், நியூரான்கள் அதைத் தாங்குவது கடினம்.

இரண்டாவது, ஊடகத்தில் கலக்கும் பி27 துணைக்கலவை. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அந்தக் கலவையில் வைட்டமின் ஈ, கேட்டலேஸ், குளுட்டாதயோன், ஏன், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸே (எஸ்.ஓ.டி.) இருக்கிறது. எல்-கார்னிட்டினும் உண்டு. எஸ்.ஓ.டி-1 நோயை ஆராயும் தட்டில் எஸ்.ஓ.டி.யை ஊற்றிவிட்டு, ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதிய கதைகள் இருக்கும். ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் நீக்கிய பி27 தனியாகக் கிடைக்கிறது. கடைசி 3 முதல் 5 நாள் அதற்கு மாறுங்கள், மாறியபின் செல் உயிர்ப்பை மறுபடி எண்ணுங்கள்.

மூன்றாவது, கட்டுப்பாட்டுச் செல்வரிசை. வேறொரு நலமான நபரின் செல் போதாது. மரபணு திருத்தி மாற்றத்தைச் சரிசெய்த அதே நபரின் செல்வரிசை வேண்டும், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு தனித்தனிக் குளோன்கள். இரு நலமான நபர்களின் சுவாச வீதத்துக்கு இடையே இருக்கும் வித்தியாசம் நோயின் விளைவைவிடப் பெரிதாகவே இருக்கலாம்.

சீஹார்ஸ் 96 குழித் தட்டுக்கு: குழிக்கு 40,000 முதல் 80,000 நியூரான்கள், பாலி-ஆர்னிதினும் லாமினினும் பூசிய தட்டு. தட்டின் நான்கு மூலைக் குழிகள் பின்னணிக்கு. விளிம்புக் குழிகளில் ஆவியாதல் அதிகம் என்பதால் முக்கியக் குழுக்களை அங்கே வைக்காதீர்கள். அளவீட்டு ஊடகம் பி.எச். 7.4, குளுக்கோஸ் 5, பைருவேட் 1, குளுட்டமின் 2 மில்லிமோல். பைருவேட் இல்லாவிட்டால், சுவாசத்தை உச்சத்துக்கு ஏற்றும் எஃப்.சி.சி.பி. கொடுத்தபின் சுவாசம் ஏறவே ஏறாது, அதை நோயின் குறையாக நினைத்துவிடுவீர்கள். கார்பன் டைஆக்சைடு இல்லாத 37 டிகிரி அடைகாப்பானில் 45 முதல் 60 நிமிடம். குழியில் 180 மைக்ரோலிட்டர், மருந்து செலுத்தும் முதல் மூன்று துளைகளில் முறையே 20, 22, 25 மைக்ரோலிட்டர், பத்து மடங்கு செறிவில். தடைப்பொருட்களின் கடைசிச் செறிவு: ஒலிகோமைசின் 1 முதல் 1.5 மைக்ரோமோல், ரோட்டெனோனும் ஆன்ட்டிமைசின் ஏ-யும் தலா 0.5. எஃப்.சி.சி.பி.க்கு நிலையான எண் கிடையாது. 0.25, 0.5, 1, 2 என்று ஒவ்வொரு செல்வரிசைக்கும் தனித்தனியே அளந்து பாருங்கள். தேவைக்கு மேல் போனால் சுவாசம் சரியும், உபரித் திறன் இல்லை என்ற பொய் முடிவு வரும்.

நியூரான்கள் எளிதில் உரிந்துபோகும். அதனால் ஊடகத்தை மாற்றும்போது முழுதும் உறிஞ்சாமல் பாதி பாதியாக மூன்று முறை மாற்றுங்கள். முடிந்ததும் உட்கருவைச் சாயமிட்டு எண்ணி இயல்பாக்குங்கள். புரத அளவு நம்பகமில்லை, லாமினினும் சேர்ந்து அளக்கப்படும். அதோடு தட்டில் எத்தனை சதவீதம் ஐ.எஸ்.எல்-1, எச்.பி-9 என்ற அடையாளப் புரதங்களைக் காட்டும் உண்மையான மோட்டார் நியூரான் என்பதையும் தெரிவிக்க வேண்டும். மீதி கிளையாவும் (நரம்புகளின் துணைச் செல்கள்) முன்னோடிச் செல்களும் என்றால் நீங்கள் அளந்தது அவற்றின் சுவாசத்தை.

மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தத்துக்கு டி.எம்.ஆர்.எம். சாயம் 20 நானோமோல் போதும். ஒரு பொறி: அந்தச் சாயம் முதலில் செல்சவ்வின் மின்னழுத்தத்தைப் பொறுத்தே உள்ளே வருகிறது. சி9 நியூரான்களில் செல்சவ்வின் மின்னழுத்தமே மாறியிருக்கலாம். செல்சவ்வை ஈடுசெய்யும் கட்டுப்பாடு இல்லாமல் ஒளி குறைந்ததை மட்டும் வைத்து மைட்டோகாண்ட்ரியா கெட்டது என்று எழுதக் கூடாது.

கடைசியாக, ஆக்சான். முன்கொம்பு சொன்ன நுனிப் பிரச்சினை 96 குழித் தட்டில் தெரியாது. 450 அல்லது 900 மைக்ரோமீட்டர் நீளக் கால்வாய்கள் உள்ள இரு அறைக் கருவியில் வளர்த்து, செல்லுடல் அறையில் 50 மைக்ரோலிட்டர் கூடுதலாக ஊற்றி நீர்மட்டத்தை உயர்த்தி வைத்தால், மருந்தை ஆக்சான் பக்கம் மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். மைட்டோகாண்ட்ரியாவின் நகர்வை 2 முதல் 3 விநாடிக்கு ஒரு படம், 3 முதல் 5 நிமிடம் எடுங்கள். பிறகு எத்தனை நகர்கின்றன, எந்தத் திசையில், என்ன வேகம், எங்கே நிற்கின்றன என்று பிரித்துக் கணக்கிடுங்கள். 2021இல் சி9 நியூரான்களில் ஆக்சான் சுருங்கியிருப்பதையும், பி.ஜி.சி-1 ஆல்ஃபாவைக் கூட்டினால் அது மீள்வதையும் காட்டினார்கள். அந்தத் திசை எனக்குப் பிடிக்கிறது. வரம்பும் உண்டு: ஸ்டெம் செல்லில் இருந்து வரும் நியூரான் வயதில் கருவை ஒத்தது, வயதின் தேய்மானம் அழிந்துவிடும். வயது முக்கியம் என்றால் ஃபைப்ரோபிளாஸ்ட்டை நேரடியாக நியூரானாக மாற்றும் முறையை ஒரு பக்கச் சோதனையாகச் சேருங்கள்.

---

நுண்ணோக்கி

மூவருக்கும் நன்றி. பி27இல் எஸ்.ஓ.டி. இருப்பது தெரியாது, வாங்கியாகிவிட்டது!

சுண்டெலிப் பகுதியை விட்டுவிடலாமா? இத்தனை தோல்விக்குப்பின் ஜி93ஏ-வை நம்பலாமா? இன்னொன்று, செல்லின் ஆற்றல் வேதிவினைகளுக்கு வேண்டிய என்.ஏ.டி.+ மூலக்கூறைக் கூட்டும் பொருட்களை ஏன் யாரும் குறிப்பிடவில்லை?

---

பதில்: குட்டிவரிசை

விட வேண்டாம், ஒழுங்காகச் செய்யுங்கள். 2008இல் வெளியான ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் 70க்கும் மேற்பட்ட மருந்துகளை 18,000 சுண்டெலிகளில், 221 ஆய்வுகளாகச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பு பயன் தந்ததாக வெளிவந்தவற்றில் ஒன்றின் பயன்கூட மறுபடி தெரியவில்லை. ஆயுள் கூடியதாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி வெறும் தற்செயல் ஏற்ற இறக்கம் என்பதே முடிவு. அங்கே சொன்ன விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

குழுவுக்கு 24, ஆணும் பெண்ணும் சமம், பெண் சுண்டெலிகள் இயல்பாகவே சில நாள் கூடுதலாக வாழும். உடன்பிறந்தவற்றைச் சிகிச்சைக்கும் கட்டுப்பாட்டுக்கும் பிரியுங்கள், ஒரே பிரசவத்துக் குட்டிகள் எல்லாம் ஒரே பக்கம் போகக் கூடாது. ஏற்றிய மரபணுவின் படி (பிரதி) எண்ணிக்கையை ஒவ்வொன்றிலும் பி.சி.ஆர். மூலம் சரிபாருங்கள். படிகள் தற்செயலாகக் குறைந்த குட்டி நீண்ட நாள் வாழும், அப்படி இரண்டு சிகிச்சைக் குழுவில் விழுந்தால் மருந்து வேலை செய்வதுபோல் தெரியும். நோய்க்குத் தொடர்பில்லாத இறப்புகளை எப்படி நீக்குவீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதுங்கள். முடிவுப்புள்ளி, பக்கவாட்டில் படுக்கவைத்தால் 30 விநாடிக்குள் நிமிர முடியாமை. மதிப்பிடுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

மருந்தை 40ஆம் நாளில் ஆரம்பித்த ஆய்வு நோயாளிக்குப் பொருந்தாது. உடல் எடை உச்சத்தைத் தொட்டுச் சரியத் தொடங்கியபின் ஆரம்பிக்கும் குழு ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஆயுளை மட்டும் பார்க்காதீர்கள். பின்காலின் டிபியாலிஸ் ஆன்டீரியர் தசையில், தசைப்பக்கத்தைக் காட்டும் ஆல்ஃபா பங்காரோடாக்சினும் நரம்புமுனையைக் காட்டும் நியூரோஃபிலமெண்ட் எதிர்ப்பொருளும் இட்டு, முழுதாக ஒட்டிய, பாதி ஒட்டிய, கழன்ற சந்திப்புகளைத் தனித்தனியே எண்ணுங்கள். அதே விலங்கில் தசைச் செயல்மின்னழுத்தத்தையும் வாரந்தோறும் அளக்கலாம். பிறகு இரண்டாவது மாதிரி ஒன்று, டி.டி.பி-43 வகையில். ஜி93ஏ-வில் டி.டி.பி-43 திரள்வதில்லை, அதாவது 97% நோயாளிகளின் நோயை அது காட்டவே இல்லை.

---

பதில்: முன்கொம்பு

என்.ஏ.டி.+ பற்றிச் சுருக்கமாக. ஆக்சான் சிதைவின் நடுவே எஸ்.ஏ.ஆர்.எம்-1 என்ற நொதி இருக்கிறது, அது என்.ஏ.டி.+ஐ வெட்டித் தீர்க்கும். அதைக் கிளப்புவது என்.எம்.என். (என்.ஏ.டி.+இன் முன்னோடி) கூடி என்.ஏ.டி.+ குறைவது. ஆக்சானில் என்.எம்.என்.ஐ என்.ஏ.டி.+ ஆக மாற்றும் என்மனாட்-2 நொதி குறைந்த ஆயுள் கொண்டது, செல்லுடலில் இருந்து இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். போக்குவரத்து தடைப்பட்டால் முதலில் தீர்வது அதுதான். அந்த நிலையில் முன்னோடிப் பொருளை மேலும் கொட்டினால் என்.எம்.என். தேங்கி, கோட்பாட்டளவில் எதிர்விளைவுகூட வரலாம். எனவே கூட்டுவதைவிட வெட்டுவதைத் தடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. இங்கேயும் மரபணு வேறுபாடு வருகிறது: எஸ்.ஏ.ஆர்.எம்-1ஐ நீக்கியது டி.டி.பி-43 சுண்டெலிக்கு உதவியது, ஜி93ஏ-வுக்கு உதவவில்லை. இரண்டு மாதிரி வேண்டும் என்று குட்டிவரிசை சொன்னதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

---

பதில்: மருந்தளவு

குடும்பத்தினரின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

க்யூ10: 2,700 மில்லிகிராமிலும் பயனில்லை. கடையில் வாங்கும் 100 மில்லிகிராம் மாத்திரையில் எதிர்பார்க்க எதுவுமில்லை. தீங்கும் பெரிதாக இல்லை, பணம்தான் போகும்.

கிரியேட்டின்: பயனில்லை. அதோடு இரத்தக் கிரியேட்டினின் அளவைக் குழப்பும். இந்த நோயில் அந்த எண் தசை எவ்வளவு மிச்சம் என்பதற்கு ஒரு குறி. யாராவது எடுத்துக்கொண்டிருந்தால் சிறுநீரகத்தைச் சிஸ்டாட்டின் சி என்ற இரத்தச் சோதனை கொண்டு பாருங்கள்.

அசிட்டைல்-எல்-கார்னிட்டின்: இது ஒன்றுதான் சற்று நிமிர்ந்து பார்க்க வைத்தது. 82 பேர், நாளுக்கு 3 கிராம், ரிலுசோலோடு, 48 வாரம். தன் வேலையைத் தானே செய்யமுடியாத நிலையை அடைந்தவர்கள் 80.9%, மருந்துப்போலியில் 97.5%. 2013இல் வெளியானது. ஆனால் இரண்டாம் கட்டம், சிறிய குழு. ஃபினைல்பியூட்டிரேட் கலவையும் இதைவிடப் பெரிய குழுவில் இதேபோல் தெரிந்துதான் பிறகு விழுந்தது. எடுக்க விரும்புபவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுக்கட்டும், வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்த உறைவு எண் மாறக்கூடும். இது சாதாரண எல்-கார்னிட்டின் அல்ல என்பதையும் சொல்லுங்கள்.

எடராவோன்: ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி. ஜப்பானில் 2015இலும் அமெரிக்காவில் 2017இலும் அனுமதி பெற்றது. ஆதாரமான சோதனை 137 பேரிடம், நோய் தொடங்கி இரண்டு ஆண்டுக்குள், மூச்சுத் திறன் 80%க்கு மேல், பன்னிரண்டு செயல்களிலும் குறைந்தது 2 மதிப்பெண் உள்ளவர்களிடம் மட்டும் நடந்தது. 24 வாரத்தில் வித்தியாசம் 2.49 மதிப்பெண், மொத்தம் 48இல். எல்லா நோயாளிக்கும் அதே பயன் வரும் என்று நினைக்க அந்தச் சோதனை இடம் கொடுக்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விட எடை முக்கியம். நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு ஓய்வில் இருக்கும்போதே கணித்ததைவிட அதிக ஆற்றல் செலவாகிறது. எடை இறங்குபவர்களின் நோய் வேகமாகப் போகிறது. நாளுக்கு 405 கிலோகலோரி கொழுப்பைக் கூடுதலாகக் கொடுத்த 201 பேர் சோதனையில் மொத்தக் குழுவுக்கு ஆயுள் கூடவில்லை. நோய் வேகமாகப் போனவர்களைத் தனியே பின்னர் பிரித்துப் பார்த்தபோது பயன் தெரிந்தது, அது உறுதிப்பாடு அல்ல. ஆனாலும் மாதம் ஒருமுறை எடை பார்ப்பதும், தொடக்க எடையில் 5 முதல் 10% குறையும் முன்பே உணவியலாளரிடமும் உணவு செலுத்தும் வயிற்றுக்குழாய் பற்றிய பேச்சுக்கும் போவதும் மாத்திரை தேடுவதைவிடப் பலன் தரும். மூச்சுத் திறன் 50%க்குக் கீழே இறங்கியபின் அந்தக் குழாயைப் போடுவதில் ஆபத்து கூடும்.

---

பதில்: தட்டு96

நுண்ணோக்கி, வாங்கிய பி27ஐத் தூக்கிப்போட வேண்டாம். வேறுபடுத்தலும் முதிர்வும் நடக்கும் நாட்களுக்கு அதுவே வேண்டும். மருந்து கொடுக்கும் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் மற்றது. இரண்டு ஊடகத்திலும் ஒரே மருந்தை ஓட்டி, விளைவு எவ்வளவு மாறுகிறது என்பதையே துணைப்படமாகப் போடுங்கள்.

தட்டின் ஊடகத்தையும் வீசாதீர்கள். 50 மைக்ரோலிட்டர் எடுத்து மைனஸ் 80இல் வைத்தால் நியூரோஃபிலமெண்ட் லைட் அளவைப் பின்னர் பார்க்கலாம். எஸ்.ஓ.டி-1 வகைக்கான மருந்து டோஃபெர்சென் 2023இல் அமெரிக்காவில் விரைவு அனுமதி பெற்றது, 28 வாரத்தில் செயல்திறன் மதிப்பெண்ணில் தெளிவான வித்தியாசம் காட்டாதபோதும் இந்தப் புரதம் இரத்தத்தில் இறங்கியதன் பேரில்தான். ஆக்சான் சிதைவை அளக்கும் அதே குறியை உங்கள் தட்டிலும், சுண்டெலியின் இரத்தத்திலும், பின்னாளில் நோயாளியிடமும் அளக்க முடியும். மாதிரியை உறையவைத்து உருக்குவதை ஒருமுறைக்கு மேல் செய்யாதபடி சிறு குப்பிகளாகப் பிரித்து வையுங்கள்.